கோச்சை மாத்துற ஃபார்ம்ல நான் ஏன் இன்னும் கையெழுத்து போடல

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த கூகுள் ஃபார்ம் உங்களுக்கும் வந்திருக்கும். "பாஸ்கெட்பால் கோச்சை மாத்தணும், காலேஜ் மானத்தைக் காப்பாத்துங்க." கீழே பேர், டிபார்ட்மென்ட், ரோல் நம்பர், ஆம் அல்லது இல்லை. 'இல்லை'ன்னு ஒரு ஆப்ஷன் வெச்சதே பெரிய மனசு. திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது 112 பேர் போட்டுட்டாங்கன்னு பேசிக்கொண்டார்கள். நான் போடவில்லை. ஏன் போடலைன்னு மூணு பேர் கேட்டுட்டாங்க, அதில் ஒருத்தி என் ரூம்மேட். மூணு பேரிடமும் மூணு விதமாக உளறினேன். அதற்கு உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், தமிழ் செகண்ட் லாங்வேஜ், அதனால் சந்திப்பிழைகளை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நீ அவர் ஆளு"ன்னு சொல்லக்கூடாது. நான் அவர் ஆளுதான். ஃபர்ஸ்ட் இயரில் பந்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு இடது கை லே-அப் சொல்லிக்கொடுத்தது கோச் சார். செகண்ட் இயரில் முட்டியில் லிகமென்ட் கிழிந்து நான் ஆடுவதை நிறுத்திய பிறகு, "சும்மா உக்காந்து அழாத, ஸ்கோர் எழுது" என்று ஒரு லாங் சைஸ் நோட்டைக் கையில் கொடுத்ததும் அவர்தான். நம் டீமைப் பற்றி இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் அந்த நோட்டில் இருந்து வருகின்றன. ஆக, இது நடுநிலையான ஆள் எழுதியது இல்லை. அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

ஃபார்மில் இருப்பது பொய் கிடையாது. இந்த வருஷம் சோனல்ஸில் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தோம். போன வருஷமும் முதல் ரவுண்டு. நான் ஸ்கோர் எழுத ஆரம்பித்த பிறகு பாய்ஸ் டீம் ஆடியது 19 மேட்ச், ஜெயித்தது 4. அந்த நாலில் ஒன்று எதிர் டீமின் பஸ் ரிப்பேராகி அவர்கள் ஆறு பேராக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய மேட்ச். இதைப் பார்த்து யாராவது "கோச்சை மாத்து"ன்னு சொன்னால் கோபப்பட என்ன இருக்கிறது? நானும் சோனல்ஸ் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அதைத்தான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் தேடிப் பார்த்தது அமெரிக்கக் காலேஜ்களை. தோற்கிற கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்ற கேள்வியை அவர்கள் அளவுக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே காலேஜ் பாஸ்கெட்பால் என்பது நம்ம ஊர் ஐ.பி.எல். மாதிரி. ஒவ்வொரு மார்ச் மாதமும் சீசன் முடிந்ததும் வரிசையாக கோச்கள் வேலையை இழப்பார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் உதாரணம் கொட்டிக் கிடக்கிறது. ஃபார்ம் போட்டவர்களுக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிடக் கூடாது என்பதுதான் சிரமம்.

எல்லோரும் சொல்லும் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நார்த் கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகம். 1980-ல் மைக் ஷஷெஃப்ஸ்கி என்று ஒருவரை கோச்சாக எடுத்தார்கள். 33 வயது. அதற்கு முன் ராணுவ அகாடமியின் டீமுக்கு கோச். அங்கே கடைசி சீசனில் 9 வெற்றி, 17 தோல்வி. அந்தப் பேரை எழுதவும் தெரியாமல் சொல்லவும் தெரியாமல் ஊரே திண்டாடியது. டியூக் மாணவர் பத்திரிகையே அவர் பேரைத் தலைப்பில் போட்டுவிட்டு, இது அச்சுப்பிழை இல்லை என்று கூடவே விளக்கம் சொன்னது. நம்மை மாதிரி ஒரு எடிட்டோரியல் டீம் செய்த வேலை, படித்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துப் போச்சு. பிற்காலத்தில் அவர் 'கோச் கே' ஆகிவிட்டார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் சீசன் 17 வெற்றி, 13 தோல்வி. இரண்டாவது 10-17. மூன்றாவது 11-17. மூன்று வருஷமும் சேர்த்து 38 வெற்றி, 47 தோல்வி. இதே காலத்தில் அக்கம்பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து மைல் தள்ளி சேப்பல் ஹில்லில் நார்த் கரோலினா பல்கலைக்கழகம். டீன் ஸ்மித் கோச், மைக்கேல் ஜோர்டன் ஃபர்ஸ்ட் இயர் பையன். 1982-ல் அவர்கள் தேசிய சாம்பியன். பக்கத்தில் ராலேயில் நார்த் கரோலினா ஸ்டேட், கோச் ஜிம் வால்வானோ. கோச் கே வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம் சேர்ந்தவர். 1983-ல் அவர்கள் தேசிய சாம்பியன். ஒரு பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐ.ஐ.டி., இன்னொரு பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்.ஐ.டி., நம்ம வீட்டில் மூணு அரியர். அப்படி ஒரு நிலைமை.

மூன்றாவது சீசன் முடிந்த விதம் இன்னும் மோசம். கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்டில் விர்ஜினியாவோடு மேட்ச். அவர்களிடம் 7 அடி 4 அங்குலத்தில் ரால்ஃப் சாம்ப்சன். டியூக் 109-66 என்று தோற்றது. 43 பாயிண்ட் வித்தியாசம். காலேஜுக்குப் பணம் கொடுக்கும் பழைய மாணவர்கள் கோச்சைத் தூக்கச் சொல்லி நெருக்கினார்கள். அன்று கூகுள் ஃபார்ம் இருந்திருந்தால் 112 இல்லை, பதினோராயிரம் பேர் போட்டிருப்பார்கள்.

முடிவெடுக்க வேண்டிய ஆள் டாம் பட்டர்ஸ், அங்கே விளையாட்டுத் துறை டைரக்டர். நம்ம பி.டி. சார் மாதிரி, ஆனால் பெரிய அளவில். அவர் கோச்சை அனுப்பவில்லை. அடுத்த சீசன் நடுவில், 1984 ஜனவரியில், டீம் மறுபடி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த நேரத்திலேயே கோச் கேயின் ஒப்பந்தத்தை நீட்டித்தார். அந்த சீசன் 24-10 என்று முடிந்தது. 1986-ல் 37 வெற்றியோடு தேசிய ஃபைனலில் லூயிவில்லிடம் 72-69 என்று தோற்றார்கள். 1991-ல் சாம்பியன், 1992-ல் சாம்பியன், பிறகு இன்னும் மூன்று முறை. 2022-ல் ரிடையர் ஆகும்போது மொத்தம் 1,202 வெற்றி.

இங்கேயே நிறுத்திவிட்டு "ஆகவே பொறுமையாக இருப்போம்" என்று முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும். நேற்று வரைக்கும் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன். ரூம்மேட் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "மூணு வருஷம் தோத்து நாலாவது வருஷமும் தோத்த கோச்சைப் பத்தி யாருடீ எழுதுவா?" அதானே. காலேஜைப் பாதியில் விட்டு கம்பெனி ஆரம்பித்து கோடீஸ்வரன் ஆனவன் கதை நமக்குத் தெரியும். பாதியில் விட்டுவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவனின் பேட்டி எங்கேயும் வராது.

அதனால் பொறுமை பலிக்காத ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். 2017-ல் பேட்ரிக் யூயிங்கை கோச்சாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலேஜுக்கு அவர் யார் என்று புரிய வேண்டுமென்றால், 1984-ல் அவர்கள் வாங்கிய ஒரே தேசியப் பட்டம் அவர் ஆடியபோது வாங்கியது. பிறகு நியூயார்க் நிக்ஸில் பெரிய நட்சத்திரம். நம்ம காலேஜில் படித்த ஒருவர் இந்தியா டீமில் பதினைந்து வருஷம் ஆடிவிட்டுத் திரும்பி வந்து கோச் ஆனால் நாம் என்ன ஆட்டம் போடுவோமோ, அப்படி.

முதல் நாலு சீசன் சுமாராகப் போனது. 2021-ல் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்டில் எட்டாவது சீடாக நுழைந்து, யாரும் எதிர்பார்க்காமல் பட்டத்தையே அடித்துவிட்டார்கள். அடுத்த சீசன் 6 வெற்றி, 25 தோல்வி. கான்ஃபரன்ஸில் 19 மேட்ச் ஆடி 19-லும் தோல்வி. அப்போதும் காலேஜ் நிர்வாகம் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது. டாம் பட்டர்ஸ் செய்ததும் இதைத்தானே? அதற்கு அடுத்த சீசன் 7-25. 2023 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். ஆறு சீசனில் 75 வெற்றி, 109 தோல்வி. அவர் மேல் இருந்த பாசத்தில் ஒரு வருஷம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அந்த ஒரு வருஷம் அப்போது கடைசி வருஷத்தில் இருந்த பிளேயர்களுடையது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஸ்கோர் ஷீட்டை மட்டும் பார்த்தால் 1983-ல் கோச் கேயும் 2022-ல் யூயிங்கும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 43 பாயிண்டில் தோற்ற அந்த டியூக் டீமில் ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ், டேவிட் ஹெண்டர்சன் என்று நாலு ஃபர்ஸ்ட் இயர் பசங்க. நாலு பேரும் போகவில்லை. 1986 ஃபைனல் ஆடியதும் அதே நாலு பேர்தான், அப்போது ஃபைனல் இயர். டீம் தோற்றுக்கொண்டிருந்தபோது ஆடியவர்கள் பதினெட்டு வயசுப் பசங்க, அடுத்த வருஷம் கொஞ்சம் தேறினார்கள், அதற்கடுத்த வருஷம் இன்னும் தேறினார்கள். பிராக்டிஸுக்குப் போய் நின்று பார்த்த ஆளுக்கு இது தெரிந்திருக்கும். பட்டர்ஸ் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஆள் தங்கவே இல்லை. என்.பி.ஏ. டங்க் போட்டியில் 2023, 24, 25 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்த மேக் மெக்ளங்கை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அவர் இரண்டு வருஷம் யூயிங்கிடம் ஆடிவிட்டு 2020-ல் வேறு காலேஜுக்கு மாறிப் போனவர்.

சரி, கோச்சை மாற்றி நல்லா வந்த காலேஜே இல்லையா? இருக்கிறது, அதுவும் பக்கத்துப் பக்கத்திலேயே. கென்டக்கி பல்கலைக்கழகம் 2009-ல் பில்லி கில்லிஸ்பியை இரண்டே சீசனில் அனுப்பியது. அடுத்து வந்த ஜான் கலிபாரி முதல் சீசனிலேயே 35-3, 2012-ல் தேசிய சாம்பியன். அதே மாநிலத்தில் லூயிவில். 2022-ல் கென்னி பெய்ன் கோச் ஆனார். 1986-ல் டியூக்கைத் தோற்கடித்த அந்த லூயிவில் டீமில் இருந்த பையன்தான் அவர், அதனால் ஊருக்கே செல்லம். முதல் சீசன் 4-28, இரண்டாவது 8-24. அனுப்பிவிட்டு பேட் கெல்சியை எடுத்தார்கள். முதல் சீசன் 27-8.

8-லிருந்து 27. இதைப் படித்ததும் நான் கிட்டத்தட்ட ஃபார்மை ஓப்பன் பண்ணிவிட்டேன். அப்புறம் கெல்சி டீமில் யார் யார் ஆடினார்கள் என்று பார்த்தேன். ஏறக்குறைய டீம் முழுவதும் புதுசு. அங்கே இப்போது பிளேயர்கள் ஒரு வருஷம் உட்காராமலேயே காலேஜ் மாறலாம், 2021-லிருந்து விளம்பரம் மூலமாகச் சம்பாதிக்கவும் செய்யலாம். ஒரு புது கோச் ஒரே கோடை லீவில் பன்னிரண்டு பேரை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார். கலிபாரியும் ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ் என்று ஆட்களோடுதான் வந்தார். பிளேயரைத் தேடிப் பிடித்து காலேஜுக்குக் கொண்டுவருவது அங்கே கோச்சோட வேலையில் பாதி. அதனால் அங்கே கோச் மாறினால் டீமே மாறும்.

இங்கே கோச் மாறினால் கோச் மட்டும்தான் மாறுவார்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். நம்ம டீமில் யார் ஆடுவது என்பதை கோச் சார் முடிவு பண்ணுவதே கிடையாது. கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் முடிவு பண்ணுகிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் யாரை எடுப்பது என்பது மேனேஜ்மென்ட் வேலை, நான் படித்த நாலு வருஷத்தில் பாஸ்கெட்பாலுக்கு அப்படி வந்தது ஒரே ஒருத்தன், அவனும் செகண்ட் இயரில் அரியர் விழுந்ததும் அப்பா திட்டியதால் ஆடுவதை நிறுத்திவிட்டான். மிச்சம் இருக்கிறவர்கள் ஸ்கூலில் கொஞ்சம் ஆடியவர்கள், உயரமாக இருப்பதால் பி.டி. சார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர்கள். புது கோச்சுக்கும் இதே பன்னிரண்டு பேர்தான், இதே சிமென்ட் கோர்ட்தான்.

கோச் மாற்றம் பற்றி அமெரிக்காவில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2013-ல் வெளிவந்த ஒன்று, காலேஜ் ஃபுட்பால் பற்றியது, அவர்கள் ஊர் ஃபுட்பால். ரொம்ப மோசமாக ஆடிய டீம்கள் கோச்சை மாற்றிய பிறகும், அதே அளவு மோசமாக ஆடி கோச்சை மாற்றாத டீம்கள் மாதிரியேதான் ஆடின. சுமாராக ஆடிய டீம்களில் மாற்றியவர்கள் இன்னும் கீழே போனார்கள். வேற விளையாட்டு, வேற நாடு, அதனால் நான் இதை ரொம்பப் பிடித்துத் தொங்கப் போவதில்லை. ஆனால் மாத்தினால் கண்டிப்பாக ஏதாவது நல்லது நடக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கம்மி என்பதாவது தெரிகிறது.

இப்போ என் நோட்டு. பாய்ஸ் டீமின் அந்த 19 மேட்ச்சையும் குவார்ட்டர் வாரியாகப் பிரித்துப் போட்டேன். மைக்ரோப்ராசசர் கிளாஸில் உட்கார்ந்து செய்த வேலை, மேம் மன்னிக்கணும். மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது 19-ல் 10 மேட்ச்சில் நாம் முன்னால் இருக்கிறோம், இல்லை ஐந்து பாயிண்டுக்குள் இருக்கிறோம். அந்தப் பத்தில் கடைசியில் ஜெயித்தது 4. நாலாவது குவார்ட்டரில் மட்டும் நாம் வேற டீம். ரீபவுண்டுக்கு யாரும் குதிப்பதில்லை, ஃப்ரீ த்ரோ ரிங்கையே தொடுவதில்லை, எதிர் டீமின் பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது நம்ம ஆள் முட்டியில் கை வைத்துக் குனிந்து நிற்கிறான். ஆடத் தெரியாத டீம் முதல் குவார்ட்டரிலேயே தோற்றுப் போகும். இது மூச்சு வாங்குகிற டீம்.

ஏன் மூச்சு வாங்குகிறது? சாயந்திரம் 4:30-க்கு பிராக்டிஸ். காலேஜ் பஸ் 4:45. பாய்ஸ் டீமில் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் டே ஸ்காலர். பஸ்ஸை விட்டால் இரண்டு டவுன் பஸ் மாறி எட்டரைக்கு வீடு. தேர்ட் இயருக்கு பிளேஸ்மென்ட் ட்ரெயினிங், அதுவும் 4:30. கேர்ள்ஸ் டீமின் கதை தனி. ஹாஸ்டல் கேட் 6:30-க்கு, பாய்ஸ் ஆடி முடித்து கோர்ட் காலியாக 6 மணி ஆகும். அரை மணி நேரத்தில் வார்ம்-அப் முடிந்து ஷூ லேஸ் அவிழ்க்கத்தான் நேரம் இருக்கும். கோர்ட்டில் லைட் இரண்டு, அதில் ஒன்று நான் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தபோதே எரியாது. கோச் சார் ஐந்து பேர் கொண்ட முழு டீமை ஒன்றாக நிற்க வைத்து பிராக்டிஸ் கொடுத்த நாட்களை இந்த செமஸ்டரில் எண்ணினால் இரண்டு கை விரல் போதும். அட்டென்டன்ஸும் நான்தான் எழுதுகிறேன்.

பஸ் நேரத்தைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் அவர் மூன்று லெட்டர் கொடுத்திருக்கிறார். கையெழுத்து அவருக்குக் கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் அதில் இரண்டை நான் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்து நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் சொல்வதால் அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. அவர் குறைகளை நோட்டுப் போட்ட எனக்குத் தெரிந்த அளவு ஃபார்ம் போட்டவர்களுக்குத் தெரியாது. எந்த டீம் வந்தாலும் அதே 2-3 ஸோன் டிஃபென்ஸ். மூலையில் நின்று த்ரீ பாயிண்டர் போடத் தெரிந்த ஒருத்தன் எதிர் டீமில் இருந்தால் நாம் காலி, அது எல்லா காலேஜுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. சீனியர்களை நாற்பது நிமிஷமும் ஆட வைப்பார், ஜூனியர்கள் பெஞ்சில் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்தே செமஸ்டரை முடிப்பார்கள். நாலாவது குவார்ட்டரில் மூச்சு வாங்குவதற்கு பஸ் பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்ன மாதிரி. போன ஆகஸ்டில் ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் கடைசி நேரத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவும் விட்டுவிட்டான். எதிர் டீம், ரெஃப்ரீ, பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் கோச் சார் அவனைத் திட்டியது ரொம்ப மோசம். இங்கே எழுத முடியாது. அந்தப் பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. லைப்ரரியில் ஒரு தடவை பார்த்து "ஏன்டா வரல"ன்னு கேட்டேன், "இல்லக்கா, ஸ்டடீஸ்"ன்னு சொன்னான். நான் நோட்டில் அவன் பேருக்கு நேராக ஆப்சென்ட் போட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு மாசம் கழித்து அந்த வரியையே விட்டுவிட்டேன். கோச் சாரிடம் அப்போதே போய்ப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இடது கை லே-அப் கடன் வாயை அடைத்துவிட்டது.

என்னைக் கேட்டால் ஒரு கோச்சை அனுப்ப 15 தோல்வியை விட இது பெரிய காரணம். தோற்றாலும் பையன்கள் தங்கினார்கள் என்பதற்காகத்தான் டியூக் கதையை இவ்வளவு நீளமாகச் சொன்னேன். தங்காமல் போகிறார்கள் என்றால், அதுவும் கோச்சாலேயே போகிறார்கள் என்றால், காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. ஆனால் ஃபார்மில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சோனல்ஸ், மானம், பக்கத்து காலேஜ் நம்மை ஓட்டுகிறான், இவ்வளவுதான். 112 பேரில் டீமில் ஆடுகிறவர்கள் நாலு பேர். மிச்சம் 108 பேரில் எத்தனை பேர் கோர்ட் பக்கம் வந்து ஒரு மேட்ச் பார்த்திருப்பீர்கள்? வந்திருந்தால் எனக்குத் தெரியும், அந்த மூணு படியில் உட்கார்ந்திருப்பது எப்போதும் அதே ஒன்பது பேர். கேர்ள்ஸ் டீமுக்கும் அவர்தான் கோச், எங்களை யாரும் கேட்கக்கூட இல்லை. ஃபார்ம் வந்தது பாய்ஸ் ஹாஸ்டல் குரூப்பிலிருந்து.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. அமெரிக்காவில் கோச்சை நடுவில் அனுப்பினால் ஒப்பந்தப்படி மிச்சக் காசைக் கொடுக்க வேண்டும், சில சமயம் பல மில்லியன் டாலர். அந்த பயத்திலாவது இரண்டு தடவை யோசிப்பார்கள். நம்ம கோச் சாருக்கு மாசச் சம்பளம்கூடக் கிடையாது, வந்த நாளுக்குக் காசு. "திங்கட்கிழமையிலிருந்து வர வேணாம் சார்" என்று ஒரு போன் போதும். மேனேஜ்மென்ட்டுக்கு அதைவிட லாபமான வேலை எது? லைட் போட வேண்டாம், பஸ் நேரம் மாற்ற வேண்டாம், லெட்டருக்குப் பதில் எழுத வேண்டாம். ஸ்டூடன்ட்ஸ் கேட்டாங்க, மாத்திட்டோம், முடிஞ்சது. அடுத்த கோச் முதல் மாசம் உற்சாகமாக வருவார், 4:45-க்கு பஸ் ஹாரன் அடித்ததும் அவர் கண் முன்னால் ஏழு பேர் பேகை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருக்கும் ஒரு ஃபார்ம் வரும். அதை என் ஜூனியர் யாராவது எழுதுவாள்.

நான் கேட்பது ஒரு வருஷம். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் ஒரு வருஷம் இல்லை, ஜார்ஜ்டவுன் அப்படிக் கொடுத்துத்தான் ஏமாந்தது. டே ஸ்காலர் பிளேயர்களுக்கு 6:30-க்கு ஒரு வேன், கேர்ள்ஸ் டீமுக்கு வாரத்தில் மூணு நாள் 4:30 ஸ்லாட், அந்த லைட். இதை மேனேஜ்மென்ட்டிடம் இப்போதே எழுத்தில் கேட்போம். கோச் சாரிடமும் எழுத்தில் கேட்போம். ஜூனியர்களை ஆட விடணும், அந்தப் பையனிடம் பேசணும், இனிமேல் யாரையும் அப்படித் திட்டக்கூடாது. அடுத்த சோனல்ஸ் முடிந்ததும் எத்தனை மேட்ச் ஜெயித்தோம் என்பதோடு நிறுத்தாமல், ஆகஸ்டில் சேர்ந்த ஃபர்ஸ்ட் இயர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், நாலாவது குவார்ட்டரில் எத்தனை பாயிண்ட் விடுகிறோம் என்று பாருங்கள். அந்த இரண்டும் மாறவில்லை என்றால் அனுப்பிவிடலாம். நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன், வேலை கிடைத்திருந்தால் எங்கேயாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஆனால் அந்த ஃபார்மை எனக்கு அனுப்புங்கள், முதல் ஆளாகப் போடுகிறேன். திட்டுகிற விஷயத்துக்கு மட்டும் ஒரு வருஷமெல்லாம் இல்லை, இன்னொரு தடவை நடந்தால் அன்றைக்கே.

திங்கட்கிழமை சாயந்திரம் இதையெல்லாம் கேப்டனிடம் சொன்னேன். ஃபார்ம் போட்டதே அவன்தான் என்பது பாதியில்தான் தெரிந்தது. கோபப்படவில்லை. "தோத்துட்டு பஸ்ல வரும்போது யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு, அவரைத் தவிர வேற யாரு இருக்கா?" என்றான். நோட்டை வாங்கி நாலாவது குவார்ட்டர் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு மேட்ச்சில் அவன் விட்ட லே-அப்பை மட்டும் நான் தப்பாக எழுதியிருப்பதாகச் சண்டை போட்டான். தப்பாக எழுதவில்லை.

ஃபார்ம் வெள்ளிக்கிழமை மூடுகிறது. வியாழக்கிழமை 4:15-க்கு பி.டி. சார் ரூமுக்கு நானும் கேப்டனும் போகிறோம், கேர்ள்ஸ் டீமிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். கையெழுத்து போட்டவர்களும் வரலாம், போடாதவர்களும் வரலாம். டே ஸ்காலர்ஸ் 4:45 பஸ்ஸுக்குத் திரும்பி ஓடிடலாம், அதுக்குள்ள முடிச்சிடுவோம். அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தம்பி, நீயும் வா. அந்த நோட்டில் உன் வரியைத் திரும்பப் போட்டு வைத்திருக்கிறேன்.